ஏழாவது அறைக்கு நூல் இல்லை

ஜனவரி 12

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, அவளுடைய மூட்டு வலி மூவரும் சுகம். உன் சுகம் நீயாக எழுதினால்தான் தெரியும், ஏனென்றால் போனில் உன்னைப் பிடிக்க முடிவதில்லை. ஞாயிறு காலை தவறாமல் அடிக்கிறேன். ஐந்தாறு தடவை மணி போனதும், சரி, குளிக்கப் போயிருப்பாள் என்று வைத்துவிடுகிறேன். என்றைக்காவது எடுத்தாலும் "ம்", "சரிண்ணா" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறாய். சின்ன வயதில் அப்பாவிடமே வாதாடி வக்கீலம்மா என்று பெயர் வாங்கியவள், பேப்பரிலாவது வாயைத் திறப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பேய் வீடு, கண்ணாடி மாளிகை, சினிமாவுக்குச் சிறைச்சாலை என்று எத்தனையோ கட்டியாயிற்று. இப்போது நரகம் கட்டச் சொல்லி வேலை வந்திருக்கிறது. கண்காட்சி மண்டபத்தின் முதலாளிக்கு யாரோ யோசனை கொடுத்துவிட்டார்கள். ஏழு பெரும்பாவங்கள், ஏழு அறைகள். ஒவ்வொரு அறையிலும் அந்தப் பாவத்துக்கு நரகத்தில் என்ன தண்டனை என்று ஆள் உயரப் பொம்மைகளை வைத்துக் காட்ட வேண்டும். நானும் எண்ணெய்க் கொப்பரை, சிவப்பு விளக்கு என்று வரைந்து கொண்டுபோனேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"சும்மா பயமுறுத்துற வேலை வேண்டாம்ப்பா. நரகத்தைப் பத்திப் பெரிய பெரிய ஆளுங்க எழுதி வச்சிருக்காங்கல்ல, அதுலேருந்து எடு. எந்த நூல்ல இருந்து எடுத்ததுன்னு வாசல்ல பலகை வைக்கணும்" என்றார். சரிபார்க்க ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரையும் ஏற்பாடு செய்திருக்கிறார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் தங்கை பதிப்பகத்தில் மொழிபெயர்ப்பாளர், நரகம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பெருமை அடித்துவிட்டேன். இனி என் மானம் உன் கையில். ஒவ்வொரு பாவத்துக்கும் என்ன தண்டனை, பார்த்தால் எப்படி இருக்கும் என்று தச்சனுக்குப் புரிகிற மாதிரி எழுது.

அண்ணி ஒன்று சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளை தவறிப்போன பிறகு, அந்த வீட்டு விஷயமெல்லாம் முடித்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாய். உனக்காக மாடி அறைக்கு வெள்ளை அடித்தோம். அது மறுபடியும் அழுக்காகிவிட்டது. பிள்ளை குட்டி என்று உன்னைப் பிடித்துவைக்க அங்கே யாரும் இல்லை. பிறகு எதற்குத் தனியாகக் கிடக்கிறாய்? ஆகஸ்ட் கடைசியில் திறப்பு விழா. அதற்காவது கட்டாயம் வா. வந்தால் திருப்பி அனுப்புவதாக இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள மேஸ்திரி அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அண்ணியின் மூட்டு வலியைத் தனியாக விசாரித்ததாகச் சொல். அலுவலகத்தில் வேலை முதுகை முறிக்கிறது, அதனால்தான் போனுக்குப் பக்கத்தில் இருக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று குறுக்கு விசாரணை செய்யாதே. அந்த உரிமை வக்கீலுக்கு மட்டும்தான்.

உன் கடிதத்தைப் படித்து வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். மற்றவர்கள் நரகத்துக்குப் போவார்கள், என் அண்ணன் அதற்கு ஒப்பந்தம் எடுக்கிறான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நரகத்தை எழுதியவர்கள் தண்டனையைத் தேடி ரொம்ப தூரம் போகவில்லை. அந்தந்தப் பாவத்தையே எடுத்து, நிறுத்தவே முடியாதபடி அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் பாதியை நம் பேச்சே கட்டிவைத்திருக்கிறது. அகந்தை பிடித்தவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்கிறோம் அல்லவா? பழைய நரகங்களில் அது சொல்லளவில் இல்லை. அவன் தலைமேலோ முதுகிலோ பாரம் ஏறிக்கொண்டே போகும். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவன், கடைசியில் தன் கால் கட்டை விரலைத் தவிர எதையும் பார்க்க முடியாமல் வளைந்துபோவான். பொம்மையின் கழுத்தைக் கவனித்துச் செய்யச் சொல். வலி கழுத்தில்தான் தெரிய வேண்டும், முகத்தில் இன்னும் கொஞ்சம் கர்வம் மிச்சம் இருக்க வேண்டும்.

பெருந்தீனிக்குப் பானை வயிறும் ஊசித் துளை வாயும். எதிரே தட்டு நிறையச் சாப்பாடு. இதை ஒருவர் இருவர் அல்ல, பல தேசத்துக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் அந்த ஊசித் துளைக்கே வந்து சேர்ந்தது எனக்கு எப்போதும் ஆச்சரியம். இந்த இரண்டுக்கும் எந்தெந்த நூல் என்று தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், பேராசிரியரிடம் காட்டு.

மற்றவற்றை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். ஒரேயடியாக எழுதிவிட்டால் நீ எனக்குக் கடிதம் போட வேண்டிய அவசியம் இருக்காது.

திறப்பு விழாவுக்கு வரப் பார்க்கிறேன்.

அன்புத் தங்கை


மார்ச் 2

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

பட்டறை முழுக்க மரத்தூள், நான் முழுக்கத் தும்மல், மற்றபடி சௌக்கியம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பேராசிரியர் உன் குறிப்பைப் படித்துவிட்டு, இந்த அம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். நல்ல மனிதர், பழகுவதற்கு எளிமையானவர். இரண்டு அறையும் முடிந்தன. பொம்மை செய்கிற அம்மா, அகந்தைக்காரனின் மூக்கைத் தெரிந்தோ தெரியாமலோ முதலாளியின் மூக்காகவே செய்துவிட்டாள். பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப் பார்த்தான். முதலாளி வந்தார், பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்த ஆளை எங்கேயோ பாத்திருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மூச்சு விடவில்லை.

ஒரு வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் என் வழக்கம் உனக்குத் தெரியும். பொம்மையை வைக்கும் முன்பு அதன் இடத்தில் நானே போய் நின்றோ உட்கார்ந்தோ பார்ப்பேன். விளக்கு கண்ணைக் குத்துகிறதா, பார்க்க வருபவன் எங்கே நிற்பான் என்று அப்போதுதான் தெரியும். ஆகவே உன் அண்ணன் இதுவரை இரண்டு நரகம் அனுபவித்துவிட்டான். பொறாமை, கோபம், பேராசை, காமம், சோம்பல் பாக்கி. சீக்கிரம் எழுது.

போன வாரம் உன் அலுவலக எண்ணுக்கு அடித்தேன். அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொல்கிறது. மாற்றிவிட்டார்களா? புது எண்ணை எழுது. அண்ணி, ரயில் டிக்கெட் இப்போதே எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமே. தும்மலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள், சொன்னால் கேட்க மாட்டாய்.

பொறாமை. ஒவ்வொருவருக்கும் ஒரு சன்னல் கொடுத்துவிடுகிறார்கள். அதன் வழியே அடுத்தவன் வீட்டுக் கொண்டாட்டம் தெரியும். பார்த்துப் பார்த்து இவன் வயிறு எரியும். வயிற்றெரிச்சல் என்று நாம் சொல்வதை நிஜத் தீயாகவே வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், எதிர் வீட்டுக்காரனும் தன் சன்னலில் நின்று இவன் வீட்டைப் பார்த்து எரிந்துகொண்டிருப்பான். உன் கண்ணாடி மாளிகைச் சரக்கை இங்கே உபயோகித்துக்கொள்.

கோபக்காரன் ஓங்கி அடிப்பான், அடி தன் முதுகில் விழும். யார் அடித்தது என்று திரும்பி இன்னும் பலமாக அடிப்பான். பேராசைக்காரன் இரண்டு கையிலும் மூட்டைகளை அணைத்துக்கொண்டு நிற்பான். மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. மூட்டையைக் கீழே வைக்கக் கூடாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதை உன் பொம்மையில் எப்படியாவது காட்ட வேண்டும். நரகத்தில் பாதிப் பேரை யாருமே பிடித்துவைத்திருக்கவில்லை, அண்ணா.

காமத்தை அண்ணனுக்கு எழுத எனக்கு என்ன தலையெழுத்தா? பேராசிரியரையே கேட்டுக்கொள்.

அலுவலக போன் ஏதோ பழுது. டிக்கெட் இப்போது வேண்டாம் என்று அண்ணியிடம் சொல். கிளம்புவது பற்றிப் பிறகு பார்க்கலாம்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது. முதலாளி இதையும் கண்காட்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். உன் ஊரில் எப்படி? சன்னலைத் திறந்துவைத்துத் தூங்கு.

கண்ணாடி அறை பிரமாதமாக வந்திருக்கிறது. மூட்டைக்காரனுக்கு மூக்கு நுனியைச் சிவப்பாக்கி, பக்கத்திலேயே மூட்டை இறக்கிவைக்க வசதியாக ஒரு மேசையும் போட்டுவிட்டேன். சொறிய முடியாத மூக்கையும் காலியாக இருக்கிற மேசையையும் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். காமத்துக்குப் பேராசிரியர் நூல் சொன்னார். சொல்லும்போது மனிதர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கூரையையே பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

ஆக மிச்சம் சோம்பல் ஒன்றுதான். அதை மட்டும் ஏன் எழுதவில்லை? சோம்பலைப் பற்றி எழுதச் சோம்பலா? பெயிண்டர், உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கிற ஓடும் எந்திரத்தை வாங்கிப்போட்டு, அதன்மேல் ஒரு தடியனை ஓடவிடலாம் என்கிறான். பட்டறையில் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அதற்கு நூல் வேண்டுமே. உன்னிடமிருந்து வந்தால்தான் கை வைப்பேன்.

டிக்கெட் விஷயம் அண்ணிக்கு வருத்தம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணன்


மே 20

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்பதைத் தவிர இந்தக் கடிதத்தில் எனக்குக் கேட்க எதுவும் இல்லை.

போன மாதக் கடிதத்துக்குப் பதிலைக் காணோம். போனும் எடுப்பதில்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அப்படியென்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். நரகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாவிட்டால் போகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி போடு, அது போதும்.

அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், பிறகு எழுத மாட்டேன், அவ்வளவுதான்.

சோம்பலைப் பற்றிக் கேட்டாய். ஓடும் எந்திரம் வேண்டாம். அது சோம்பேறியைக் கேலி செய்கிறவன் கட்டுகிற நரகம். இந்தப் பாவத்துக்குச் சோம்பல் என்ற பெயரே பொருந்தவில்லை. முதன்முதலில் இதைப் பட்டியலில் சேர்த்தவர்கள், எழுந்திருக்க விடாத ஒரு துக்கத்தைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். பிறகு வந்தவர்கள் அதை வேலைக்கள்ளன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பழைய பொருளில் எழுதப்பட்ட ஒரு நரகம் இருக்கிறது. அதையே கட்டு.

நெருப்பு கிடையாது. ஒரே ஒரு அறை. ஐந்து எட்டு வைத்தால் குறுக்கே கடந்துவிடலாம். நடுவில் மர நாற்காலி, கைப்பிடியில் வார்னிஷ் தேய்ந்திருக்க வேண்டும். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே சன்னல். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வானம் தெரியாது, எதிர்க் கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் குழாயும்தான் தெரியும். பகலிலும் விளக்கு எரிகிறது. போட்டவள் அணைக்கவில்லை. சன்னல் திட்டில் டீ குடித்த கோப்பைகள். அடியில் வளையம் வளையமாகக் காய்ந்திருக்கும். கட்டிலில் விரிப்புக் கலையவில்லை, ஏனென்றால் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறாள். காலண்டரில் வேறு ஏதோ ஒரு மாதம். கதவோரம் இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று ஆண் செருப்பு, தூசி படிந்திருக்க வேண்டும்.

காவலுக்கு யாரும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு பூதம் வந்து பார்த்துவிட்டுப் போகுமாம். இங்கே தனக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திவிட்டது. கதவு பூட்டப்படவும் இல்லை.

தண்டனை ஒன்றுதான். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மணி இருக்கிறது. அது எப்போதாவது அடிக்கும். யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு எழுந்து போக வேண்டும் என்று ஆசைதான். காலை ஊன்றுவாள், கைப்பிடியைப் பிடிப்பாள், அதற்குள் மணி நின்றுவிடும்.

இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

தங்கை


ஜூலை 1

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் இந்த வீட்டில் சோறு இறங்கியது. எல்லோரும் நலம். அண்ணி உன் கடிதத்தை வாங்கி வாங்கிப் படித்தாள். மடித்து வைத்துவிட்டு, ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்களேன் என்றாள். திறப்பு விழா முடியட்டும் என்றேன்.

அறை தயாராகிவிட்டது. மற்ற ஆறு அறையையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பழைய சாமான் கடையில் நாற்காலி கிடைத்தது. உப்புத்தாளால் நானே கைப்பிடியைத் தேய்த்தேன். பெயிண்டர் சன்னலுக்கு வெளியே சுவரையும் குழாயையும் வரைந்திருக்கிறான், குழாயில் துருகூட இருக்கிறது. கோப்பைகளில் டீயைக் காயவைத்தோம். பொம்மை செய்கிற அம்மா, "அந்த ஆம்பளைச் செருப்பு யாரோடதுங்க?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும், நூலில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவளுக்கு அதில் சமாதானம் ஆகவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றாள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, பலகை. பேராசிரியர் தன்னிடம் உள்ள நூல்களையும் தெரிந்த நூலகங்களையும் துழாவிவிட்டார், இப்படி ஒரு நரகம் எதிலும் அகப்படவில்லை. மற்றதெல்லாம் சொன்ன இடத்தில் சொன்னபடி இருக்கிறது, இது எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள், எனக்கும் படிக்க ஆசை என்கிறார். நூலின் பெயர் இல்லாமல் அறையைத் திறக்க முதலாளி விட மாட்டார்.

இரண்டாவது எலக்ட்ரீஷியனுடைய கேள்வி. மணியைத் தானாக அடிக்கும்படி வைக்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை? நூலில் ஏதாவது சொல்லியிருக்கிறதா?

விரைவில் எழுது. திறப்பு விழாவில் இந்த அறை வாசலில் உன்னை நிறுத்தி, இவளால்தான் இது என்று எல்லோரிடமும் சொல்லப் போகிறேன்.

பெருமையுடன்,
அண்ணன்


ஜூலை 10

அண்ணாவுக்கு,

நலம்.

நூலின் பெயர் நினைவில்லை.

மணியை வாரத்துக்கு ஒரு தடவை அடிக்கச் சொல். ஞாயிறு காலை.

தங்கை


ஜூலை 16

என் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அடிக்கிற மணியைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான் என்றுதான் நினைத்தேன். உன் அண்ணன் மண்டை எப்போதும் அப்படித்தான்.

இன்று பொம்மையைக் கொண்டுவந்து வைப்பதாக இருந்தது. வழக்கம்போல அதற்கு முன்பு நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கு சரியாக இருந்தது. சன்னல் சரியாக இருந்தது. சோதித்துப் பார்க்க எலக்ட்ரீஷியனை மணி அடிக்கச் சொன்னேன். அவன் வெளியே இருந்து அழுத்தினான். அதைக் கேட்டதும் எனக்கு அது யார் அடிக்கிற மணி என்று தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. நான் கைப்பிடியைப் பிடிப்பதற்குள் மணி நின்றுவிட்டது. ஐந்தாறு தடவைதான் அடித்தது.

நான் அழுதேன் வக்கீலம்மா. பட்டறைக்காரர்கள் எல்லோரும் மறுபக்கம் இருந்தார்கள், அதனால் பிழைத்தேன்.

மாப்பிள்ளையின் செருப்பு என்று தெரியாமல் அதையும் நானே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். எங்கே வைக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாயோ அங்கேயே, அதன்மேல் தூசியைக்கூட நானே தூவி வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று தள்ளி நின்று ரசித்தேன். இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சாயங்காலமே அந்த அறையைப் பிரித்துவிட்டேன். ஆணி ஆணியாக நானே பிரித்தேன், வேறு ஒருவரையும் தொடவிடவில்லை. முதலாளி குதித்தார். ஏழு பாவம் என்று சுவரொட்டி அடித்தாகிவிட்டது, ஆறை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். ஏழாவதுக்கு நூல் இல்லை, நீங்கள் போட்ட நிபந்தனைதான் என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் எனக்குப் பரிந்து பேசினார். அவருக்கு எதுவும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் உன் வீட்டு வாசலில் இருப்பேன். வராதே என்று நீ எழுதினாலும் அது என் கைக்குக் கிடைக்காது, அதற்குள் ரயிலில் இருப்பேன். நீ எழுந்து வர வேண்டாம். எனக்காக வீட்டைப் பெருக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். முடிந்தால் தாழ்ப்பாளை மட்டும் எடுத்து வை. முடியாவிட்டாலும் பரவாயில்லை, நான் தச்சன், கதவைக் கழற்றி உள்ளே வரத் தெரியும்.

அண்ணன்


ஜூலை 21

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பயப்படாதே. இங்கே இருப்பது ஒரே அறை, எதைப் பேசினாலும் அவள் காதில் விழும். இப்போது கட்டிலில் படுத்துத் தூங்குகிறாள். கட்டிலில் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

நீ அப்போதே போகச் சொன்னாய். நான் கேட்கவில்லை. நான் திரும்பி வந்ததும் நீ அதை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்காட்டலாம்.

தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தள்ளினேன், திறந்துகொண்டது. நான் அளவெடுத்துக் கட்டிய அறை அப்படியே இருந்தது. அதே சன்னல், அதே குழாய், பகலில் எரிகிற விளக்கு. ஆள் பாதியாக இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எந்திரிக்க முடியலைண்ணா. சோம்பேறின்னு நினைச்சுக்காத" என்றாள்.

இத்தனை பெரிய புத்தகங்களை எல்லாம் கரைத்துக் குடித்தவள் தன்னைப் பற்றி எனக்குச் சொன்ன வார்த்தை இது. ஏழு பாவத்தில் இந்தத் துக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியவன் யாரோ, அவன் என் கையில் கிடைத்தால் உளியைக் காட்டியிருப்பேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி இருக்கிறது. இதை அவள் எனக்கு எழுதவில்லை. அதன்மேல் துவைக்காத துணி மலையாகக் குவிந்திருந்தது. மாப்பிள்ளையின் நாற்காலியாக இருக்க வேண்டும். துணியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். பதிப்பகத்தை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சொன்னால் நாம் உடனே கிளம்பி வா என்போம், கிளம்ப முடியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று பயந்திருக்கிறாள். எனக்கு எழுதிய நரகம் எல்லாம் நினைவிலிருந்து எழுதியது. அதை எழுதுகிற நாளில் மட்டும் கொஞ்சம் எழுந்து நடந்ததாகச் சொன்னாள்.

மாடியில் இருக்கிற டாக்டரம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். இதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் நாள் பிடிக்கும், தனியாக விடக் கூடாது என்றார். எப்போது அழைத்து வருவேன் என்று கேட்காதே. நேற்று கதவு வரை நடந்தாள், அதற்கே வியர்த்துவிட்டது. திறப்பு விழா எனக்காக நிற்காது, அது தன் பாட்டுக்கு நடக்கட்டும்.

உன்னிடம் ஒரு உதவி. இந்தக் கடிதம் வாரக் கடைசிக்குள் உனக்குக் கிடைத்துவிடும். வருகிற ஞாயிறு காலை, நான் வழக்கமாக அடிக்கிற நேரத்துக்கு நீ இங்கே போன் செய். நான் பக்கத்திலேயே இருப்பேன், ஆனால் எடுக்க மாட்டேன். அவள்தான் எடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து போன் வரைக்கும் அவளுக்கு ரொம்ப தூரம். பாதியில் ஒரு தடவை உட்கார்ந்துவிடுவாள் என்றுகூட நினைக்கிறேன். நான் இத்தனை நாளும் ஐந்தாறு தடவை அடித்துவிட்டு, குளிக்கப் போயிருப்பாள் என்று வைத்துவிட்டேன்.

நீ வைத்துவிடாதே. தானாக அறுந்துபோனால் மறுபடி அடி. அவள் வந்து எடுக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இரு.

உன் வீட்டுக்காரன்